பதினோராவது பூட்டு

போன மாதம் புது ஆட்களுக்கான வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகியும் ஞாபகமாகக் கூப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம். கண்ட்ரோல் ரூமில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்தவர் என்று அறிமுகம் செய்தார்கள். நானும் ஒரு மணி நேரம் பேசினேன். முடிக்கிற சமயத்தில் பின்வரிசையிலிருந்து உங்களில் ஒரு பெண் எழுந்து, "மேடம், உங்க சர்வீஸ்ல நீங்க பண்ண பெரிய தப்பு எது?" என்று கேட்டாள். சரக்கே இல்லாத பெல்ட்டை ஒரு மணி நேரம் சும்மா ஓடவிட்ட கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நான் எதையோ விழுங்கிவிட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

அன்று விழுங்கியதைத்தான் இப்போது நம் ஆலைப் பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்தது வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் இரண்டு வரி. செங்கல்பட்டிலிருந்து திருப்போரூர் போகிற ரோட்டில் இருக்கிற நம் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல் சுடுவதில்லை. சுட்ட கட்டி லாரியில் வரும். அதோடு ஜிப்சம் சேர்த்து மாவாக அரைத்து மூட்டை கட்டுவது மட்டுமே நம் வேலை. அரைக்கிற மில் ஒன்றே ஒன்று. படுக்க வைத்த பெரிய இரும்பு உருளை. உள்ளே இரண்டு அறைகள், டன் கணக்கில் இரும்புக் குண்டுகள். உருளை சுற்றும்போது குண்டுகள் மேலே ஏறி ஏறி விழும். அடியில் அகப்படுவது எதுவானாலும் மாவாகும்.

நான் சேர்ந்தபோது கண்ட்ரோல் ரூமில் வேறு பெண் கிடையாது. ஆலை முழுக்கவே லேபில் ஒருத்தர், ஆபீஸில் இரண்டு பேர். மூன்றாவது மாதம் ஒருநாள் மில்லின் பேரிங் சூடு திடீரென்று ஏறுவதாகத் திரையில் காட்டியது. யாரையும் கேட்காமல் மில்லை நிறுத்தினேன். போய்ப் பார்த்தால் பேரிங்குக்கு ஒன்றும் இல்லை. சூட்டைச் சொல்கிற கம்பி ஒன்று கழன்று போயிருந்தது. மேனேஜர் அத்தனை பேர் முன்னால் கேட்ட கேள்விகளில், அன்று மாலையே ராஜினாமா எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அந்தக் கம்பியை மாட்ட வந்த எலெக்ட்ரீஷியனை அன்றுதான் முதலில் சரியாகப் பார்த்தேன். மில் மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பேனல் ரூம் அவர் பொறுப்பு. எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். வேலையை முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நிறுத்துனா திட்டு வாங்குவ. அது சாய்ங்காலத்தோட போய்டும். நிறுத்துனதால எவனும் செத்ததில்லமா. நீ பாட்டுக்கு ஒக்காரு."

அவர் பெயரை எழுதப் போவதில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதற்குப் பின் பதினோரு வருடம் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். ஒரே ஷிஃப்ட் வருவது மாதத்தில் பாதி நாள். கம்பெனி பஸ்ஸில் செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் நான் ஏறுவேன். அவர் முந்தின ஸ்டாப்பிலேயே ஏறி, தனக்கு முன்னால் இருக்கிற சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார். அவர் மனைவிக்குப் பட்டிபுலம் பக்கம், கடலோரம். திங்கட்கிழமை என்றால் டப்பாவில் நண்டு மசாலா இருக்கும். எனக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பா. ஷிஃப்ட் ஆரம்பித்ததும் இண்டர்காம் அடிக்கும். "இன்னாம்மா, எப்டி கீது மில்லு?" என்பார். ஒன்றும் இல்லை, ஓடுகிறது என்பேன். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அந்தக் குரல் வராத நாளில் எனக்கு வேலையே தொடங்கினாற்போல இருக்காது. பேனல் ரூமில் அவர் இருக்கிறார் என்றால் நான் தைரியமாகப் பொத்தானில் கை வைப்பேன்.

அந்த வருடம் மில்லின் உள்தகடுகளை மாற்ற ஆறு நாள் நிறுத்தினோம். ஆட்கள் உள்ளே போய் வேலை செய்கிற சமயத்தில் மில் சுற்றக் கூடாது அல்லவா? அதற்கு இன்றும் உங்களிடம் இருக்கிற அதே வழிதான். உள்ளே போகிற ஒவ்வொருவரும் பேனலில் தன் பூட்டை மாட்டிவிட்டுப் போக வேண்டும். சாவி அவரவர் பையில். வெளியே வந்ததும் அவரே திறந்து எடுக்க வேண்டும். கடைசிப் பூட்டு போனால்தான் மோட்டருக்கு மின்சாரம் கொடுக்கலாம். அந்த வேலைக்குப் பதினோரு பேர், பதினோரு பூட்டு.

ஆறாம் நாள் மதியம் ஒரு மணிக்கு மில்லின் கதவுகளை மூடினார்கள். இரண்டு மணிக்குப் பேனலில் பத்துப் பூட்டு போய்விட்டது. ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. ஏழுமலை என்கிற காண்ட்ராக்ட் வெல்டருடையது. திருப்போரூர் பக்கத்து ஊர்க்காரர், இருபத்தெட்டு வயசு இருக்கும். இரண்டாம் அறையில் கடைசியாக ஒரு போல்ட்டுக்கு வெல்டு வைக்கப் போனதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். வெளியே வந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை.

தேடினார்கள். கேண்டீனில் இல்லை. மரத்தடியில் இல்லை. கேட்டில் கேட்டால், வெளியே போனதாகக் கையெழுத்து இல்லை என்றார்கள். அவர் நம்பருக்குப் போன் போட்டார்கள். ஆட்கள் துணி மாற்றுகிற ஷெட்டில், அவருடைய பைக்குள்ளிருந்து அது அடித்தது. பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்கு அப்படியே இருந்தது.

எலெக்ட்ரீஷியன் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார், இரண்டாம் அறைக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று. மேனேஜர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாரம் பிரித்தாகிவிட்டது, மறுபடி கட்டித் திறந்து மூட மூன்று மணி நேரம் ஆகும். அரைத்த சிமெண்டைச் சேர்த்து வைக்கிற சைலோ காலி. கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் லாரிகள். காலையிலிருந்து தலைமை ஆபீஸிலிருந்து போன் மேல் போன். அவரும் கெட்ட மனிதர் இல்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கதவை மூடின ஃபோர்மேனைக் கூப்பிட்டு, உள்ளே பார்த்துவிட்டுத்தானே மூடினாய் என்று என் காது படக் கேட்டார். கூப்பிட்டுப் பார்த்தேன், டார்ச் அடித்தும் பார்த்தேன், யாரும் இல்லை என்றார் ஃபோர்மேன்.

"தலய உள்ள வுட்டு பாத்தியா, வெளிய நின்னுகினு அடிச்சி பாத்தியா?" என்று எலெக்ட்ரீஷியன் கேட்டார்.

வெளியிலிருந்துதான் என்றார் ஃபோர்மேன்.

வெளியிலிருந்து டார்ச் அடித்தால் எதிர்ச் சுவர் தெரியும். கதவுக்கு நேர் கீழே ஒருவர் விழுந்து கிடந்தால் தெரியாது. உள்ளே அடுப்பு மாதிரி சூடு, வெல்டிங் புகை வேறு. மயங்கி விழுந்தவரைக் கூப்பிட்டால் பதில் வராது. இது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

நான் மில்லடியிலிருந்து மேலே கண்ட்ரோல் ரூமுக்குத் திரும்பினேன். கொஞ்ச நேரத்தில் பேனல் ரூமிலிருந்து இண்டர்காம் வந்தது. "நான் கரண்டு குட்க்க மாட்டேன்னு சொல்டேன். நீயும் கைய கட்டிகினு சும்மா இரு. நாம ரெண்டு பேரும் மாட்டேன்னா இந்த மில்லு சுத்தாதும்மா. கதவ தெறந்துதான் ஆவணும்."

சரி என்றேன். ஒரு சொல்தான். ஆனால் சொன்னேன்.

மேனேஜர் வேறு ஷிஃப்ட் எலெக்ட்ரீஷியனை வரவழைத்தார். பூட்டை வெட்டினார்கள். நம் ஆள் பேனல் ரூமை விட்டு வெளியே போய்விட்டதாக யாரோ வந்து சொன்னார்கள். மூன்றே முக்காலுக்கு என் திரையில் மில் மோட்டருக்கு எதிரே பச்சை வந்தது. மோட்டர் தயார். இனி பாக்கி என் பொத்தான் மட்டும்.

மேனேஜர் இண்டர்காமில் வந்தார். "பொறுப்பு என்னோடது. நீங்க ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் ஒருவேளை எனக்கு மறுக்க வந்திருக்கும்.

பயத்தில் செய்தேன் என்று சொன்னால் உங்களுக்கு என் மேல் இரக்கம் வரும். அது உண்மையில்லை. ஷிஃப்ட் இன்சார்ஜ் பதவிக்கான பட்டியலில் அந்த வருடம் என் பெயர் இருந்தது. ஒரு பெண் பொறுப்பில் உட்கார்ந்தால் முடிவெடுக்கத் தயங்குவாள் என்று நாலு பேர் பேசுவது என் காதில் விழுந்திருந்தது. தயங்காதவள் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டேன். மேனேஜரே தன் பொறுப்பு என்கிறார், வேறென்ன வேண்டும் என்று ஒரு மனது. உள்ளே இருக்கமாட்டார் என்று இன்னொரு மனது. இருந்தால்? அந்தக் கேள்வி வருவதற்கு முன்னால் கை போய்விட வேண்டும் என்று அவசரமாகக் கையை நீட்டினேன். அந்த அவசரம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எச்சரிக்கைச் சங்கு ஊதியது. பிறகு மில் சுற்றியது.

குண்டுகள் விழுகிற சத்தம் கண்ட்ரோல் ரூம் கண்ணாடியைத் தாண்டி மெதுவாகத்தான் வரும். அன்று அது என் நாற்காலிக்குள்ளிருந்து வந்தாற்போல இருந்தது. திரையில் எண்கள் ஒழுங்காக ஏறின. நான் சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். என் பக்கத்தில் இருந்தவர் ஏதோ பேசினார், நானும் பதில் சொன்னேன். உள்ளே ஒருவர் இருந்திருந்தால் இத்தனை நேரத்துக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஒவ்வொரு நிமிஷமும் புதிதாக நினைத்தேன். நிறுத்தலாம். நிறுத்தினாலும் இனி என்ன? அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

ஏறக்குறைய நாற்பது நிமிஷம் கழித்துக் கேட்டிலிருந்து போன் வந்தது. ஜிப்சம் லாரிக்காரர் ஒருவர் இரண்டாவது லோடு இறக்க வந்திருந்தார். ஏழுமலையின் தெருக்காரர். ஏழுமலையின் மகள் பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறார்கள் என்று ஒரு மணிவாக்கில் அவருக்குத்தான் சேதி வந்திருக்கிறது. மில்லை விட்டு வெளியே வந்து நின்ற ஏழுமலையிடம் சொன்னதும், கையுறையைக்கூடக் கழற்றாமல் லாரியில் ஏறிவிட்டார். எடை மேடைப் பக்கத்துக் கேட் வழியாகப் போனதால் கையெழுத்தும் இல்லை. பிள்ளைக்குக் கை எலும்புதான் முறிந்திருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

கண்ட்ரோல் ரூமில் எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜர் டீயும் வடையும் வரவழைத்தார். தோளை ஆட்டி ஆட்டிச் சிரித்த ஃபோர்மேனின் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. நான் டீயை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன்.

எலெக்ட்ரீஷியன் பேனல் ரூமுக்கு வெளியே கேபிள் சுற்றுகிற கட்டை மேல் உட்கார்ந்திருந்தார். சேதி தெரிந்துவிட்டதா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். ஏழுமலை நன்றாக இருக்கிறார் என்று நானும் ஒருமுறை சொன்னேன்.

"நல்லா கீறான். அது அவன் நேரம்" என்றார். எழுந்து நின்றார். "மில்லு ஓடுது. நீங்க மேல போங்க மேடம்."

பதினோரு வருடத்தில் அவர் என்னை மேடம் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மறுநாள் ஏழுமலை வந்து, என் பூட்டை எவன் வெட்டினது என்று கேட்டுத் தானும் சிரித்தார். ஆலையில் இது ஒரு வேடிக்கைக் கதையாகிவிட்டது. இண்டர்காம் அடிக்கும். "சொல்லுங்க மேடம்" என்பார். வேலை விஷயம் எல்லாம் ஒழுங்காகச் சொல்வார், ஒரு குறை வைக்கமாட்டார். பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின்னால் போய் உட்கார ஆரம்பித்தார். நான் பேசிவிட வேண்டும் என்று தினமும் நினைப்பேன். இன்று வேண்டாம், கோபம் ஆறட்டும், நாளை என்று தள்ளுவேன். மூன்று மாதத்தில் வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள் நான் லீவில் இருந்தேன். அடுத்த மாதம் எனக்கு ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆர்டர் வந்தது.

சில வருடம் கழித்து அதே மாதிரி ஒரு நாள். சரக்குத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கின பெண்களில் ஒருவர் கணக்கில் வரவில்லை. புது மேனேஜர் எவ்வளவோ சொல்லியும் ஓட்ட முடியாது என்றேன். தொட்டியை முழுக்கக் காலி செய்து பார்த்தோம். யாரும் இல்லை. அந்த அம்மா காய்ச்சல் என்று காலையிலேயே வீட்டுக்குப் போயிருந்தார். எனக்கு எழுத்தில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. எனக்கு அது துளியும் வலிக்கவில்லை. நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டே இண்டர்காமில் பேனல் ரூம் நம்பரை அழுத்தினேன். யாரோ சின்னப் பையன் எடுத்து, என்ன வேணும் மேடம் என்றான். சும்மாதான் என்று வைத்துவிட்டேன். அன்று எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒருவர் காதில் அதைச் சொல்வது. ஆலை முழுக்க இருநூறு பேர் இருந்தார்கள். அவர் இல்லை.

உங்கள் வகுப்பில் அந்தப் பெண் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. மறு வாரம் பஸ் ஏறி, வேலையை விட்டபின் அவர் குடிபோன பட்டிபுலத்துக்குப் போனேன். மோட்டார் காயில் கட்டுகிற கடை அவர் மகனுடையது. இறால் குஞ்சுப் பண்ணைகளின் பம்புகள் வரிசையாகக் கிடந்தன. அவர் உள்ளே ஸ்டூலில் உட்கார்ந்து செம்புக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். "வாங்க மேடம்" என்றார்.

ரிட்டயர் ஆனதை, என் கணவர் உடம்பை, அவர் பேத்தி படிப்பை எல்லாம் பேசி முடித்தோம். பிறகு நான் அந்த நாளை எடுத்தேன். சரி என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேனே என்றேன். நாற்பது நிமிஷம் அங்கே எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்கே தெரியாது என்றேன்.

"நாப்பது இல்ல. நாப்பத்திமூணு" என்றார்.

கம்பியைக் கீழே வைத்தார். "கட்ட மேல ஒக்காந்துகினு கடியாரத்தத்தான் பாத்துகினு இருந்தேன். மில்லு பக்கத்துல ஒரு பொட்டில எமர்ஜென்சி சுட்ச்சு கீதே. நான் ஒக்காந்த எடத்துலேர்ந்து எட்டு அடி. எழுந்து போயி ஒரு தட்டு தட்டுனா நின்னுட்டிருக்கும். பேனல் ரூமு சாவிய வீசிட்டு வந்துட்டேன், இனிமே அது அவங்க பாடுன்னு ஒக்காந்துட்டேன். மில்லு சுத்துது, நான் ஒக்காந்துகினு கீறேன். அதுக்கப்புறம் உங்க மொவத்த பாக்க முடியல மேடம். பாத்தா அந்த சுட்ச்சுதான் ஞாபகம் வரும்."

என் மேல் இருந்த கோபம் என்று நான் இத்தனை வருடம் நினைத்திருந்தது அதுதான்.

நம் ஆலைக்கு ஒருமுறை வந்து உங்களிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். முடியாது என்றார். நீங்களே சொல்லுங்கள், என் பெயர் வேண்டாம், சுவிட்சைப் பற்றி மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றார். அதனால்தான் பெயர் எழுதவில்லை. சுவிட்சைச் சொல்லிவிட்டேன்.

புது ஆட்களுக்கு நான் கொடுக்கக்கூடிய புத்தி இவ்வளவுதான். கதவைத் திறந்து பாருங்கள். உள்ளே யாரும் இல்லாமல் போனால் அதற்காக வெட்கப்படாதீர்கள். ஒருவர் மறுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள், நீங்களே மறுப்பவராக இருந்தால் பாதியில் எழுந்து போய்விடாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் அந்த ஷிஃப்ட் முடிவதற்குள் போய்ப் பேசிவிடுங்கள். கடைசியாகச் சொன்னது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நான் செய்ததில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். கடல் காற்றில் மணல் ரோட்டைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். அவர் மீன் விலை சொன்னார், நான் எங்கள் வீட்டுத் தண்ணீர்க் கஷ்டம் சொன்னேன். மன்னிப்புக் கேட்கத்தான் அத்தனை தூரம் போயிருந்தேன். அவரும் என்னிடம் ஏதோ கேட்க வேண்டும் என்று நிற்பதாகத் தோன்றியது. பஸ் வந்தது. கையைக் காட்டி நிறுத்தி, கண்டக்டரிடம் என்னைப் பார்த்து இறக்கிவிடச் சொன்னார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தேன். நெற்றிக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, பஸ் போகிற திசையைப் பார்த்தபடி ரோட்டோரம் நின்றிருந்தார். இருவருமே கேட்கவில்லை.